தீயணைப்பு நிலையக் கட்டடமும் அதன் தொழில் நினைவும்: சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து

பொதுப்பணிக் கட்டடங்களுள் தீயணைப்பு நிலையம் தனித்த ஒரு வகையைச் சேர்ந்தது. நீதிமன்றமும் பள்ளியும் மருத்துவமனையும் மக்கள் உள்ளே வருவதற்காகக் கட்டப்படுபவை. தீயணைப்பு நிலையமோ உள்ளே இருப்பவர்கள் மிகக் குறைந்த நேரத்தில் வெளியேறுவதற்காகக் கட்டப்படுவது. கதவின் அகலம், தளத்தின் சரிவு, படுக்கைக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட தூரம், மணி தொங்கும் இடம் ஆகிய அனைத்தையும் இந்த ஒரு தேவையே வகுத்திருக்கிறது. ஆகவே பழைய நிலையம் ஒன்றின் சுவர்களை அளந்து பார்ப்பவர், அது எழுந்த காலத்தில் வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தது, குழாய் எதனால் ஆனது, தகவல் எவ்வழியே வந்தது, ஊரில் எது அதிகம் எரிந்தது என்பவற்றை ஓரளவு கணித்துவிடலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சென்னையின் மேற்குப் புறநகர் இவ்வகைக் கணிப்புக்கு ஏற்ற களமாகும். ஒன்றுக்கொன்று சில கல் தொலைவிலேயே அமைந்திருந்தும், இம்மூன்று ஊர்களும் தீயணைப்புப் பணியாளர் முன் வைக்கும் இடர்கள் வெவ்வேறானவை.

தனிக் கட்டடமாக உருப்பெறுவதற்கு முன்னர் தீயணைப்பு நிலையம் என்பது கைப்பம்புகளை நிறுத்திவைக்கும் கொட்டகையாகவே இருந்தது. லண்டனில் தீக்காப்பீட்டு நிறுவனங்கள் தத்தம் வாடிக்கையாளரின் சொத்தைக் காப்பதற்காகப் பம்புகளையும் ஆட்களையும் வைத்திருந்தன. 1833இல் அவற்றுள் பல ஒன்றுகூடித் தம் குழுக்களை இணைத்து, எடின்பரோவில் 1824 முதல் தீயணைப்புப் படையை நடத்திவந்த ஜேம்ஸ் பிரெய்டுவுட்டைத் தலைவராக அமர்த்தின. 1861இல் டூலி தெருக் கிடங்குகளில் மூண்ட பெருந்தீயில் சுவர் சரிந்து பிரெய்டுவுட் இறந்தார். அந்தத் தீயின் இழப்பைத் தாங்க மாட்டாத காப்பீட்டு நிறுவனங்கள் பொறுப்பிலிருந்து விலக முற்பட்டதால், 1866இல் லண்டனின் தீயணைப்பு பொதுப்பணியாக மாறியது. அந்த மாற்றம் கட்டடத்தையும் மாற்றியது. ஆட்கள் இரவும் பகலும் நிலையத்திலேயே இருக்க வேண்டியிருந்ததால், தரைத்தளத்தில் வண்டியும் குதிரைகளும், மேல்தளத்தில் பணியாளர் குடும்பங்களும், உச்சியில் காவற்கோபுரமும் கொண்ட அடுக்குக் கட்டடம் உருவாயிற்று. மேல்தளத்தில் இருப்பவர் படியிறங்க ஆகும் நேரத்தைக் குறைக்கவே 1878இல் சிகாகோவில் டேவிட் கென்யன் என்ற தீயணைப்பு அலுவலர் சறுக்குக் கம்பத்தை அமைத்தார்.

சென்னையில் நகரத் தீயணைப்புப் படை 1908இல் தோன்றியது. அதன் ஆறாம் ஆண்டில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் கடலிலிருந்து குண்டு வீசியதில், பர்மா எண்ணெய் நிறுவனத்தின் துறைமுகத் தொட்டிகள் தீப்பற்றின. எண்ணெய்த் தீயின் மீது நீரை நேரே பாய்ச்சினால் எண்ணெய் நீரின் மேல் மிதந்து மேலும் பரவும் என்பதால், மரமும் கீற்றும் எரியும் தீயை எதிர்கொள்வதற்கென்று அமைந்த படைக்கு இது வேறு வகைத் தீயாக இருந்தது. பின்னர் அரை நூற்றாண்டு கழித்து மேற்குப் புறநகரில் தொழிற்சாலைகள் பெருகியபோது, எண்ணெய், சாயம், ரப்பர் ஆகியவற்றின் தீயே அன்றாடக் கேள்வியாக வந்து நின்றது. இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942இல் ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தால் சென்னையிலிருந்து மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற சரக்குக் கப்பல் வெடித்துச் சிதறியதில் 66 தீயணைப்புப் பணியாளர்கள் மாண்டனர். அந்நாளே இன்றும் நாடெங்கும் தீத்தொண்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சென்னை மாகாணத்தின் தீயணைப்புப் பணி நெடுங்காலம் காவல் துறையோடு பிணைந்திருந்தது. தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தலைமைப் பொறுப்பு இந்தியக் காவல் பணி அலுவலர்களிடமே அளிக்கப்பட்டு வருவது அவ்வுறவின் தொடர்ச்சியாகும். இதன் சுவடு கட்டடத்திலும் உண்டு. அணிவகுப்புக்கான திடல், வருகை அழைப்புக்கு வரிசையாக நிற்கும் இடம், வளாகத்தின் பின்புறத்தில் வரிசை வீடுகளாக அமைந்த குடியிருப்பு ஆகியவை காவல் குடியிருப்புகளின் அமைப்பை ஒத்தவை. நகர நிலையங்களில் நெருக்கடியான மனைகளில் அடுக்காக எழும்பிய அமைப்பு, மனை தாராளமாகக் கிடைத்த புறநகரில் தரையோடு பரந்த அமைப்பாக மாறியது. தங்கும் அறை வண்டிக்கூடத்தை ஒட்டியே அமைந்துவிட்டதால், அங்கே சறுக்குக் கம்பத்துக்குத் தேவையே எழவில்லை.

பழைய நகர நிலையத்தின் முழு உருவத்தை இன்றும் காண விரும்பும் தமிழ் வாசகர் சிங்கப்பூரின் ஹில் தெருவுக்குச் செல்லலாம். 1909இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த மத்தியத் தீயணைப்பு நிலையம் சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் மாறி மாறி வரும் சுவர்களையும், ஏறத்தாழ 33 மீட்டர் உயரமுள்ள காவற்கோபுரத்தையும் கொண்டது. தொலைபேசி பரவலாகாத காலத்தில் கோபுரத்தில் நின்ற காவலரே புகையைக் கண்டு திசை கூறினார். 1998இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கட்டடத்தின் ஒரு பகுதியில் 2001 முதல் காட்சியகம் இயங்குகிறது. மற்றொரு பகுதியிலிருந்து இன்றும் வண்டிகள் அழைப்புக்குப் புறப்படுகின்றன. நினைவுச்சின்னமும் பணியிடமும் ஒரே கூரையின் கீழ் நீடிக்கக்கூடும் என்பதற்கு அது சான்றாகும்.

நிலையத்தின் உறுப்புகளுள் முதன்மையானது வண்டிக்கூடம். தண்ணீர் வண்டி, அதாவது நீர்த்தொட்டியையும் பம்பையும் ஒருங்கே சுமந்து செல்லும் தீயணைப்பு ஊர்தி, எப்போதும் தெருவைப் பார்த்தபடியே நிறுத்தப்படுகிறது. திரும்பி வரும் ஓட்டுநர் எவ்வளவு களைத்திருந்தாலும் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி உள்ளே விட்ட பிறகே இறங்குகிறார். வழக்கமான தண்ணீர் வண்டி சுமார் 4500 லிட்டர் நீரை இரவும் பகலும் சுமந்து நிற்பதால், நின்ற நிலையிலேயே நான்கரை டன் பாரம் அதன் வில்களின் மீதும் டயர்களின் மீதும் கூடத்தின் தளத்தின் மீதும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பழைய இலகு வண்டிகளுக்காகப் போடப்பட்ட தளங்கள் பின்னாளில் விரிசல் கண்டதற்கு இப்பாரம் முக்கியக் காரணமாகும். காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக் கொண்ட வண்டிகள் வந்தபின் வேறொரு வழக்கமும் சேர்ந்தது. நெடுநேரம் நின்ற வண்டியின் காற்றுக்கலத்தில் அழுத்தம் குறைந்துவிட்டால், அது மீண்டும் ஏறும்வரை வண்டியை நகர்த்த முடியாது. ஆகவே ஒவ்வொரு நாளும் பணி மாறும்போது இன்ஜினை இயக்கி, அழுத்தமானியைப் பார்த்து, பம்பைச் சுழற்றிச் சோதிப்பது ஓட்டுநரின் முதற்கடமையாயிற்று. மூடிய கூடத்தில் நாள்தோறும் எழும் இந்த டீசல் புகை சுவரின் மேற்பகுதியையும் கூரையையும் கருக்கியிருக்கும். அருகிலேயே உறங்குவோரின் நுரையீரலுக்கும் அது தீங்கானது என்பதால், புதிய வடிவமைப்புகள் தங்கும் அறையைக் கூடத்திலிருந்து பிரிக்கவும் புகைபோக்கி அமைக்கவும் வலியுறுத்துகின்றன.

கூடத்தை ஒட்டி அமைவது தகவல் அறை. தொலைபேசி, கம்பியில்லாக் கருவி, அழைப்புப் பதிவேடு, வட்டார வரைபடம், புறப்பாட்டு மணி ஆகிய ஐந்தும் ஒருவரின் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே அவ்வறையின் இலக்கணம். 101 என்ற எண்ணில் வரும் அழைப்பை ஏற்பவர் எரிவது என்ன, எங்கே, உள்ளே ஆட்கள் உண்டா என்ற மூன்றையும் பதற்றத்தில் இருப்பவரிடமிருந்து நயமாகக் கேட்டுப் பெற்றாக வேண்டும். இதில் மேற்குப் புறநகருக்குத் தனித்த சிக்கல் ஒன்று உண்டு. அம்பத்தூர் வட்டாரத்தில் மக்கள் தெருப்பெயரையோ மனை எண்ணையோ கூறுவது அரிது, டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ், பிரிட்டானியா, லூகாஸ், ஓ.டி. என்று பேருந்து நிறுத்தங்களின் பெயரையே அடையாளமாகக் கூறுவர். ஆலை இயக்கத்தை நிறுத்தினாலும் நிறுத்தத்தின் பெயர் அப்படியே வழங்குவதால், தகவல் அறையில் அமர்பவர் இன்றைய வரைபடத்தோடு பழைய ஆலைகளின் பட்டியலையும் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வேறு வட்டாரத்திலிருந்து மாறுதலில் வந்த புதியவருக்கு, வண்டியின் பகுதிகளைக் கற்பதைவிட இந்தப் பெயர்களைக் கற்கவே அதிக நாள் பிடிக்கும்.

மூன்றாவது உறுப்பு குழாய்க் கோபுரம். நீரைத் தீயிடம் கொண்டுசெல்லும் விடுகுழாய் முற்காலத்தில் உள்ளுறை இல்லாத கித்தானால் நெய்யப்பட்டது. பயன்படுத்திய பின் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து இழை மக்கும். அடுத்த தீயில் அழுத்தம் ஏறும்போது அந்த இடத்தில் குழாய் வெடிக்கும். அதைக் கழுவி, நீர் வடியுமாறு நிழலில் தொங்கவிட உயரமான இடம் தேவைப்பட்டது. 15 மீட்டர் நீளமுள்ள குழாயை நடுவில் மடித்துத் தொங்கவிட்டாலும் ஏறத்தாழ ஏழரை மீட்டர் உயரம் வேண்டும். பல நிலையங்களின் முகப்பை மிஞ்சி எழும் கோபுரத்தின் உயரத்தை முடிவு செய்தது இந்தக் கணக்குதான். ரப்பர் உள்ளுறையும் செயற்கை இழை மேலுறையும் கொண்ட குழாய்கள் வந்தபின் உலர்த்தும் தேவை வெகுவாகக் குறைந்தது. கோபுரம் இடிக்கப்படாமல் எஞ்சிய இடங்களில் அதன் சுவர் ஏணிப் பயிற்சிக்கும், உச்சி கம்பியில்லாத் தொடர்பின் அலைவாங்கிக்கும் பயன்பட்டன. புதிதாகக் கட்டப்படும் நிலையங்களில் அது இடம்பெறுவது அரிதாயிற்று.

நான்காவதாக, வெளியாருக்குத் தென்படாத உறுப்பு தரையடி நீர்த்தொட்டி. ஒரு குழாய்முனை நிமிடத்துக்கு 450 லிட்டர் நீரைப் பீய்ச்சுவதாகக் கொண்டால், 4500 லிட்டர் தொட்டி பத்து நிமிடத்தில் காலியாகும். இரண்டு முனைகளைத் திறந்தால் ஐந்தே நிமிடம். அதன்பின் நீர் எங்கிருந்து வரும் என்பதே தீயணைப்பின் நடுநாயகமான கேள்வி. இடைவிடாத அழுத்தத்தோடு குழாய்நீர் ஓடும் நகரங்களில் தெருவோரத் தீயணைப்பு நீர்முனையோடு குழாயை இணைத்துவிடலாம். விட்டுவிட்டு நீர் வழங்கும் அமைப்பில் அம்முனைகளை நம்பியிருக்க இயலாது என்பதால், மேற்குப் புறநகரின் நிலையங்கள் தம் வளாகத்து ஆழ்துளைக் கிணற்றையும் நிலத்தடித் தொட்டியையும், தண்ணீர் லாரிகளையும், ஆலைகளின் சொந்தத் தொட்டிகளையும் சார்ந்தே இயங்குகின்றன. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரி ஆகியவற்றின் எந்தக் கரைவரை கனரக வண்டி இறங்கலாம், எந்த மாதத்தில் உறிஞ்சுகுழாய்க்கு நீர் எட்டும் என்ற அறிவு அனுபவத்தால் மட்டுமே சேர்வது.

இவ்வட்டாரத்தின் தீ வரலாறு தொழில் வரலாற்றின் மறுபக்கமாகும். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலின் பாதை அம்பத்தூர், ஆவடி ஆகிய ஊர்களின் வழியே சென்றது. அதை ஒட்டியே பின்னர் ஆலைகள் எழுந்தன. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தொடங்கப்பட்டது. ரப்பரும் கந்தகமும் கரிமத்தூளும் குவிந்த டன்லப் டயர் ஆலையும், பாடியில் வாகன உதிரிப்பாக ஆலைகளும் தொடர்ந்தன. 1960களின் நடுப்பகுதியில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை நூற்றுக்கணக்கான சிறு தொழிற்கூடங்களை ஒரே பரப்பில் திரட்டியது. தீயணைப்புப் பணியாளரைப் பொறுத்தவரை பேராலையைவிடச் சிறுகூடமே கடினமானது. பேராலையில் சொந்தத் தீயணைப்புக் குழுவும் நீர்த்தொட்டியும் பொருள்களின் பட்டியலும் இருக்கும். ஒற்றைக் கதவுள்ள சிறுகூடத்தில் மெல்லிப்பான் கேன்களும், உருக்கைச் சூடேற்றிக் குளிர்விக்கும் எண்ணெய்த் தொட்டியும், சமையல் எரிவாயு உருளையும், துணிப்பொதிகளும் அடுத்தடுத்து இருக்கும். திண்மப் பொருளின் தீக்கு நீர், எண்ணெய்த் தீக்கு நுரை, மின்னோட்டமுள்ள கருவிக்கு உலர்தூள் அல்லது கரியமில வாயு என்று பிரித்துக் கற்பிக்கப்படும் பாடம், இவை அனைத்தும் ஒரே அறையில் எரியும்போது எதை முதலில் செய்வது என்ற தேர்வாக மாறிவிடுகிறது.

ஆவடியின் இயல்பு வேறு. போர்க்காலத்தில் இராணுவக் கிடங்காக வளர்ந்த அவ்வூரில் 1961இல் கனரக வாகன ஆலைக்கு அடித்தளமிடப்பட்டு, 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. படையினருக்குச் சீருடை தைக்கும் ஆடை ஆலையும் அங்கே உண்டு. இத்தகைய பாதுகாப்பு ஆலைகள் தமக்கெனத் தீயணைப்புப் பிரிவுகளை வைத்திருப்பதால், மதிலுக்கு உள்ளே ஒரு படையும் வெளியே மாநில அரசின் படையும் பணியாற்றும் இரட்டை அமைப்பு உருவாயிற்று. தேவையானபோது ஒன்றுக்கொன்று துணைவரும் வழக்கம் நடைமுறையில் பயன்பட வேண்டுமானால், இரு படைகளின் குழாய் இணைப்புகளும் ஒரே அளவினவாக இருக்க வேண்டும். இந்தியத் தரநிர்ணயத்தின்படி 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள இணைப்பு பொதுவழக்காக நிலைபெற்றது இதனை எளிதாக்கியது.

பூந்தமல்லியோ நெடுஞ்சாலையின் ஊர். திருப்பெரும்புதூரை நோக்கிய தொழில் நெடுவழியில் கிடங்குகளும் லாரி நிறுத்தங்களும் பெருகியதால், அங்கே தீயோடு சாலை விபத்தும் சமபங்கு பெற்றது. நசுங்கிய ஓட்டுநர் அறையிலிருந்து ஆளை மீட்க, நீரியல் அழுத்தத்தால் இயங்கும் விரிப்பானும் வெட்டியும் வண்டியின் நிரந்தரச் சுமையாயின. 2014 ஜூன் 28 அன்று அருகிலுள்ள மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது, அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினரோடு தீயணைப்புப் பணியாளர்களும் நாள்கணக்கில் இடிபாடுகளில் உழைத்தனர். மறு ஆண்டின் டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்ட நாள்களில், ரப்பர் படகும் கயிறும் உயிர்காப்புச் சட்டையும் முதன்மைக் கருவிகளாயின. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, சாய்ந்த மரம் ஆகியவை பற்றிய அழைப்புகளும் இப்பகுதியில் நாளும் வருபவை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டபின் பள்ளிகளில் கீற்றுக்கூரை விலக்கப்பட்டதும், கான்கிரீட் வீடுகள் பெருகியதும் பழைய குடிசைத் தீயின் பங்கைச் சுருக்கின; கருக்கலில் அடுப்புத் தீ ஒரு வரிசைக் குடிசைகளையே பற்றிய காலத்தை மூத்த பணியாளர்களே நினைவுகூர்கின்றனர்.

பணி இவ்வாறு விரிந்தபோது கட்டடம் விரியவில்லை என்பதே இத்தொழிலின் மையமான இடர்ப்பாடு. நீரும் குழாயும் ஏணியும் வைக்கத் திட்டமிட்ட சாமான் அறையில் மூச்சுக் கருவிகளின் காற்றுருளைகளும் மரம் அறுக்கும் இயந்திரங்களும் படகுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. வண்டியின் உயரமும் அகலமும் கூடிக்கொண்டே வந்ததால், பழைய கதவுகளில் இருபுறமும் கையளவு இடைவெளியே எஞ்சியது. 1975 ஜூலை 11 அன்று அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம் எரிந்த பின், உயர்ந்த கட்டடங்களுக்கான வான்தூக்கி ஏணிகளின் தேவை உணரப்பட்டது. பின்னாளில் வாங்கப்பட்ட அவ்வகை ஊர்திகள் பழைய கூடம் எதற்குள்ளும் அடங்காத நீளம் கொண்டவை. அம்பத்தூரில் ஆலை மனைகள் கண்ணாடிச் சுவர் கொண்ட தகவல் தொழில்நுட்ப வளாகங்களாக மாறியிருக்கும் இன்று, இந்தப் பொருத்தமின்மை மேலும் கூடியிருக்கிறது. உள்துறை அமைச்சகத்தின் தீயணைப்பு ஆலோசனைக் குழு நகர்ப்புறத்தில் பத்துச் சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று வகுத்த அளவுகோலின்படி, ஒரு நிலையத்தின் எல்லை அதன் வாயிலிலிருந்து ஏறத்தாழ 1.8 கிலோமீட்டருக்குள் அடங்க வேண்டும். மாலை நேரத்தில் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் அத்தூரத்தைக் கடக்கும் நேரமும் நள்ளிரவில் கடக்கும் நேரமும் ஒன்றல்ல என்பதை ஓட்டுநர் எவரும் கூறுவர்.

ஆகவே பழைய நிலையக் கட்டடத்தைக் காப்பது பற்றிய பேச்சு முகப்பையும் வளைவுகளையும் மட்டும் பற்றியதாக இருக்க இயலாது. தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களுக்கென 2012இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆனால் புறநகரின் எளிய நிலையங்கள் கலைச்சிறப்பால் அத்தகைய பட்டியலில் இடம்பெறும் வாய்ப்புக் குறைவு, அவற்றின் இடத்தில் பெரிய கூடங்கள் எழுவதைத் தடுப்பதும் முறையாகாது. செய்யத்தக்கது வேறு. இடிப்பதற்கு முன் கூடம், கதவு, கோபுரம், தொட்டி ஆகியவற்றின் அளவுகளோடு வரைபடம் எழுதிவைத்தல், அங்கே நின்ற வண்டிகளின் வகைகளையும் ஆண்டுகளையும் பட்டியலிடுதல், நீர் எடுத்த ஏரிக்கரைகளையும் கிணறுகளையும் குறித்தல், எல்லாவற்றுக்கும் மேலாக அழைப்புப் பதிவேடுகளைக் கழிவுத்தாளாக விடாமல் படியெடுத்துக் காத்தல் ஆகிய நான்கும் செலவு குறைந்தவை. அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், இடத்தை அடைந்த நேரம், எரிந்த பொருள், நீர் கிடைத்த இடம் ஆகியவற்றை வரிக்கு வரி தாங்கிய அப்பதிவேடுகள் மூன்று நான்கு பத்தாண்டுகளுக்குச் சேர்ந்து கிடைத்தால், எந்தச் சாலையில் வண்டி தாமதித்தது, எந்தப் பகுதி நீரில்லாமல் எரிந்தது என்பது தெளிவாகும். அடுத்த நிலையத்தை எங்கே, எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் பொறியாளருக்கு அதைவிட நம்பத்தக்க ஆவணம் வேறில்லை.